ஒரு ரூபாய் ஒன்பது பைசா பிராங்க்

1965ஆம் ஆண்டில் ஒரு சுவிஸ் பிராங்கின் மதிப்பு ஒரு ரூபாய் ஒன்பது பைசா. அப்போது டாலர் 4 ரூபாய் 76 பைசா. ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4.37 பிராங்க். வகுத்துப் பார்த்தால் 1.09 வருகிறது. இந்த எண்ணைக் கேட்கும் இளையவர்கள் எல்லாருக்கும் ஏக்கம் வந்துவிடுகிறது. "அப்பவே போயிருக்கலாமே!" என்கிறார்கள். போயிருக்க முடியாது. ஏன் முடியாது என்பது என் தலைமுறைக்குத் தெரிந்த கதை. அதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாகவே எண்ணம்.

பாரிமுனையில் ஒரு தேசியமயமான வங்கிக் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. திருவான்மியூரில் குடியிருந்துகொண்டு தினமும் கடற்கரைச் சாலை வழியாகப் போய் வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பயணம் கிளம்புகிறவர்கள் ரேட் விசாரிக்க என்னிடம் வருகிறார்கள். சமீபத்தில் வந்தவள் என் தங்கை மகள். ஓ.எம்.ஆரில் வேலை. கணவன், இரண்டு பிள்ளைகளோடு சுவிட்சர்லாந்தில் கிரிண்டெல்வால்டுக்குப் போய்ப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. பிள்ளைகள் இதுவரை பார்த்த பனியெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. வளாகத்துக்குள் இருக்கும் செயற்கைப் பனிதான். "பெரியம்மா, பிராங்க் நூத்திப் பத்தைத் தாண்டிடுச்சு. ஒரு வருஷம் தள்ளிப் போட்டா இறங்குமா?" என்று கேட்டாள். 2025 டிசம்பர் அது. டாலர் முதன்முறையாக 90 ரூபாயைத் தாண்டியிருந்த வாரம்.

அவளுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ரேட் என்ற ஒன்றை மட்டும் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு முழுக் கதையும் தெரிவது நல்லது.

இந்த நாட்டில் வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி தேவைப்படாத ஒரு காலமும் இருந்தது. ஏ.கே. செட்டியார் காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக 1930களின் பிற்பகுதியில் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தபோது, ரூபாய் ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். காசு இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். காசு சேர்ப்பதுதான் அவருக்குப் பாடு. 1939 செப்டம்பர் 3ஆம் தேதி, இரண்டாம் உலகப் போர் மூண்ட அன்றே, ரிசர்வ் வங்கியின் கையில் செலாவணிக் கட்டுப்பாடு வந்து சேர்ந்தது. போருக்காக வந்த கட்டுப்பாடு போர் முடிந்ததும் போகவில்லை. 1947இல் சட்டமாகவே நின்றுவிட்டது. 1949இல் பவுண்டு தன் மதிப்பைக் குறைத்துக்கொண்டபோது ரூபாயும் கூடவே இறங்கியது. மூன்று ரூபாய் முப்பது பைசா அளவில் இருந்த டாலர் 4.76 ஆனது அப்போதுதான்.

பிறகு இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம். எஃகு ஆலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் பணம் கொட்ட வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் நாம் சேர்த்து வைத்திருந்த ஸ்டெர்லிங் இருப்பு கரைந்துபோனது. நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1957 வாக்கில் நெருக்கடி முற்றியது. உல்லாசப் பயணத்துக்கு வெளிநாட்டுப் பணம் என்பது அதன் பிறகு அநேகமாக இல்லை என்றே ஆயிற்று. படிப்பு, வைத்தியம், வியாபாரம், அரசாங்க வேலை, இவற்றுக்குத்தான் கதவு கொஞ்சம் திறக்கும்.

60களில் லண்டனுக்குக் கப்பலேறியவர்களைக் கேட்டால் "மூணு பவுண்டு" என்பார்கள். அமெரிக்கா போனவர்கள் "எட்டு டாலர்" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். அன்றைய கணக்கில் பவுண்டுக்கு 2.80 டாலர், மூன்று பவுண்டு என்றால் எட்டு டாலர் சொச்சம். சுவிஸ் பணத்தில் அது 36 பிராங்க். பிராங்க் ஒரு ரூபாய் ஒன்பது பைசாவுக்கு விற்ற காலத்தில் ஒரு பயணி கையில் எடுத்துப்போகக்கூடிய தொகை அவ்வளவே. கிண்டி பொறியியல் கல்லூரியிலும் ஐ.ஐ.டி.யிலும் படித்து முடித்த பையன்கள் அந்த எட்டு டாலரோடு நியூயார்க்கில் இறங்கி, பல்கலைக்கழகத்துக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்த பிறகு என்ன மிஞ்சும் என்று எண்ணிக்கொண்டு போனார்கள். அந்த டாலர்களை நாடு கோதுமைக்கும் எண்ணெய்க்கும் ஒதுக்கி வைத்தது, அது நியாயம்தான். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் அப்படி வெறுங்கையோடு இறங்கியதை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு கலங்குகிறது.

விமான டிக்கெட்டை மட்டும் ரூபாயில் வாங்கிவிடலாம். அதற்கும் 'பி ஃபார்ம்' வேண்டும். பி ஃபார்மில் ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் இல்லாமல் எந்த விமானக் கம்பெனியும் டிக்கெட் எழுதாது. ராஜாஜி சாலையில் கோட்டைக்கு அருகே இருக்கும் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தில் அதற்கென்று ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். போகிற ஊரில் இருக்கும் உறவினர் ஒருவர், 'இவருடைய சாப்பாடு, தங்குமிடச் செலவு என் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்த கடிதம் கையில் இருக்க வேண்டும். ஆகவே அந்நாளில் வெளிநாட்டுப் பயணத் திட்டம் ரேட்டில் தொடங்கவில்லை, உறவில் தொடங்கியது. டொரண்டோவில் மைத்துனர் இருந்தால் டொரண்டோ. பர்மிங்காமில் சித்தப்பா மகன் இருந்தால் பர்மிங்காம். ஜூரிச்சில் நமக்கு யாரும் இல்லை. ஆகவே சுவிட்சர்லாந்தை நாம் தியேட்டரில் பார்த்தோம். 1969இல் ஸ்ரீதர் இயக்கிய 'சிவந்த மண்' ஐரோப்பாவில் படமான காட்சிகளோடு வந்தபோது, அந்தக் காட்சிகளைப் பார்ப்பதற்காகவே போனவர்கள் உண்டு.

1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. இந்திரா காந்தி பிரதமர், சச்சீந்திர சௌத்ரி நிதியமைச்சர். டாலர் 4.76இலிருந்து 7.50 ஆனது. பிராங்க் ஒரு ரூபாய் எழுபத்திரண்டு பைசா ஆனது. நாடே கொந்தளித்தது. உல்லாசப் பயணி என்று யாருமே இல்லாததால் பயணத்தைப் பொறுத்தவரை ஒன்றும் மாறவில்லை.

இதே ஆண்டில் நம்மை ஆண்டுவிட்டுப் போனவர்களுக்கும் இந்த நிலைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பனிச்சறுக்கு விடுமுறைக்கும் செலாவணிக்கும் உள்ள உறவு உண்மையில் அவர்கள் கதை. 1947 அக்டோபரில் பிரிட்டன் தன் மக்களின் வெளிநாட்டு உல்லாசப் பயணத்துக்குப் பணம் தருவதையே சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. ஆல்ப்ஸ் அந்தக் குளிர்காலத்தில் அவர்களுக்கு எட்டவில்லை. 1952இல் ஆளுக்கு 25 பவுண்டு என்று குறைத்தார்கள். 1966இல் ஹெரால்ட் வில்சன் அரசு 50 பவுண்டு உச்சவரம்பு வைத்தது; 1969 முடியும் வரை அது நீடித்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் எவ்வளவு எடுத்தார் என்று வங்கி முத்திரை குத்தும். நாங்கள் இங்கே குத்தியதும் அதே மாதிரி முத்திரைதான்.

விமானக் கட்டணத்தை அவர்களும் சொந்தப் பணத்தில் கட்டிவிடலாம். ஓட்டல், லிஃப்ட் பாஸ், பனிச்சறுக்குப் பாடம், மாலையில் ஒரு கோப்பை சாக்லேட், எல்லாம் அந்த 50 பவுண்டுக்குள். முதலில் அது 610 பிராங்க் அளவுக்கு வந்தது. 1967 நவம்பரில் பவுண்டு 2.40 டாலராக இறங்கியதும் 525 பிராங்க் ஆகிவிட்டது. பனிச்சறுக்கை மட்டும் அவர்கள் விடவில்லை. சுவிட்சர்லாந்தை விட்டு, விலை மலிவான ஆஸ்திரிய கிராமங்களுக்குப் போனார்கள். ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலையில் 1961இலேயே நாற்காலி லிஃப்ட் வந்திருந்தது. அங்கே போனால் பாஸ்போர்ட்டில் முத்திரையே வேண்டாம். இடத்தை மாற்றிக்கொண்டு விருப்பத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். என் தங்கை மகளுக்கு நான் முதலில் சொன்னது இந்தக் கதையைத்தான்.

நமக்குள்ள ஸ்காட்லாந்து, குல்மர்க். அதன் வரலாறும் இப்படித்தான் தொடங்கியது. 1920களில் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிக்கு ஆல்ப்ஸ் போக ஆசை இருந்தாலும் கப்பலில் போக வர வாரக்கணக்கில் ஆகிவிடும். கிடைக்கிற குளிர்கால விடுப்பு கடலிலேயே தீர்ந்துவிடும். ஆகவே அவர்கள் காஷ்மீரின் அந்தப் புல்வெளிக்கு, ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்துக்கு, பனிச்சறுக்குக் கட்டைகளைச் சுமந்துகொண்டு போனார்கள். 1927இல் ஹாடோ, மெதரல் என்ற இருவர் முன்னின்று இந்திய ஸ்கீ சங்கத்தை அங்கே தொடங்கினார்கள். 1968இல் இந்திய அரசு குல்மர்க்கிலேயே பனிச்சறுக்குக்கும் மலையேற்றத்துக்குமான நிறுவனத்தை அமைத்தது. ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் கேபிள் கார் வேலை ஆரம்பித்தார்கள். 1989க்குப் பிந்தைய வன்முறையில் அது கிடப்பில் கிடந்து, முதல் கட்டம் 1998இல்தான் திறந்தது. இரண்டாம் கட்டம் 2005இல், அஃபர்வாட் சிகரத்துக்கு அருகே, கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம் வரை. காஷ்மீர் போக முடியாத அந்த இடைக்காலத்தில்தான் உத்தரகண்டின் அவுலி பெயர் எடுத்தது.

இனி என் கவுண்டருக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது உல்லாசப் பயணத்துக்கு என்று எஃப்.டி.எஸ். என்ற திட்டம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஆளுக்கு 500 டாலர். தி.நகர் வியாபாரிகள், மயிலாப்பூர் வக்கீல்கள், பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா கிளம்பும் அம்மாக்கள், எல்லாரும் அந்த 500 டாலர் வரிசையில் நிற்பார்கள். பெரும்பாலும் டிராவலர்ஸ் செக்காகத்தான் தருவோம். எங்கள் முன்னால் ஒவ்வொரு தாளிலும் ஒரு கையெழுத்து. வெளிநாட்டில் மாற்றும்போது அதே தாளில் இன்னொரு கையெழுத்து. தமிழில் மட்டுமே கையெழுத்துப் போடப் பழகிய அம்மாக்கள் முதல் தாளில் தயங்குவார்கள். "உங்க கையெழுத்துதான்மா வேணும், எந்த எழுத்தா இருந்தா என்ன" என்று சொல்வேன். செக் எண்களைத் தனித் தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் வைக்கச் சொல்வோம். தொலைந்தால் பணம் திரும்பக் கிடைக்க அந்த எண்கள்தான் ஆதாரம். கடைசியாகப் பாஸ்போர்ட்டில் எண்டார்ஸ்மென்ட்: தொகை, தேதி, முத்திரை, அதிகாரி கையெழுத்து.

காலையில் பம்பாயிலிருந்து டெலக்ஸில் அன்றைய ரேட் வந்து இறங்கும். இன்றைய பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும் ஒரு விஷயம்: அந்த ரேட்டில் டாலரின் விலை நேராக இருக்காது. நூறு ரூபாய்க்கு எத்தனை டாலர் என்றுதான் வரும். 1993 ஆகஸ்ட் 2ஆம் தேதிதான், ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய் என்று நேராகச் சொல்லும் முறைக்கு இந்திய வங்கிகள் மாறின. அதுவரை வாடிக்கையாளர் தன் கண்ணால் ரேட் ஏறுவதைப் பார்த்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: எவ்வளவு கிடைக்கும்? என்ன விலை என்று கேட்டவர்கள் அபூர்வம்.

1991 ஜூலை முதல் வாரம் அந்தக் கேள்வி மாறிய வாரம். கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குக்கூடக் காணாத நிலை. ஜூலை 1ஆம் தேதி ஒரு குறைப்பு, 3ஆம் தேதி இன்னொன்று. 21 ரூபாய் அளவில் இருந்த டாலர் 26ஐத் தொட்டது. பிராங்க் 13, 14இலிருந்து 17 அருகே போனது. ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவர் எஸ். வெங்கிடரமணன், துணை கவர்னர் சி. ரங்கராஜன், இரண்டு பேரும் தமிழர்கள். அதே மாதம் 47 டன் தங்கம் லண்டனுக்குப் பயணமானது. செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு எங்கள் கிளையில் யாருக்கும் மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அந்த அவமானத்துக்குள்ளிருந்துதான் கதவு திறந்தது. 1992இல் இரட்டை ரேட் முறை. 1993 மார்ச்சில் ஒரே சந்தை ரேட். ரங்கராஜன் கவர்னராக இருந்த 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்கில் ரூபாய் மாற்றத்தக்கதாயிற்று. பயணம், படிப்பு, வைத்தியம் போன்றவற்றுக்குப் பணம் மாற்றுவது கேட்டுப் பெறும் சலுகை என்ற நிலை போய், வழக்கமான வங்கி வேலையாயிற்று. ரேட் நன்றாக இருந்த காலத்தில் கதவு மூடியிருந்தது, கதவு திறந்த காலத்தில் ரேட் ஏறிவிட்டது. இரண்டும் ஒரே முடிவின் இரு விளைவுகள். ஒரு ரூபாய் ஒன்பது பைசாவைக் காப்பாற்ற வேண்டுமானால் யாருக்கும் பிராங்க் விற்காமல் இருக்க வேண்டும். விற்க ஆரம்பித்தால் அதன் உண்மை விலை தெரியவரும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கவுண்டரில் உட்கார்ந்து, ஆண்டுக்கு ஆண்டு பார்த்தேன்.

2000 ஜூன் 1ஆம் தேதி பழைய கடுமையான ஃபெரா சட்டம் போய் ஃபெமா வந்தது. ஜூலை 4ஆம் தேதி வாஜ்பாய் டைடல் பூங்காவைத் திறந்து வைத்தார். எங்கள் திருவான்மியூருக்குப் பக்கத்திலேயே, சில வார இடைவெளியில், இந்தப் பகுதியின் வாழ்க்கையை மாற்றிய இரண்டு நிகழ்ச்சிகள். அங்கே வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் ஆன்சைட் என்று மினியாபொலிஸுக்கும் ஜூரிச்சுக்கும் போனார்கள். பனியில் நடந்தார்கள், சனிக்கிழமைகளில் சறுக்கினார்கள். அவர்கள் திரும்பி வந்து, தங்கள் பிள்ளைகளுக்கும் அதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தபோது ஸ்கீ விடுமுறை என்ற ஒன்று நம் தெருக்களில் பேச்சாயிற்று. 2004இல் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை எந்தக் காரணத்துக்கும் அனுப்பலாம் என்று விதி வந்தது. 2015இல் அது இரண்டரை லட்சம் டாலர். எட்டு டாலர் காலத்து மனிதர்கள் யாராவது உயிரோடு இருந்தால் இந்த எண்ணை நம்பமாட்டார்கள் என்று நினைப்பேன். ஆனால் அவர்களில் பலர் என் கவுண்டருக்கே வந்து பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகும் அடிகள் விழாமல் இல்லை. 2013 ஆகஸ்டில் டாலர் 68ஐத் தாண்டியது. அனுப்பும் உச்சவரம்பையும் பாதிக்கு மேல் வெட்டினார்கள். 2015 ஜனவரி 15ஆம் தேதி சுவிஸ் மத்திய வங்கி, யூரோவுக்கு எதிராக 1.20இல் பிடித்து வைத்திருந்த பிராங்கை முன்னறிவிப்பில்லாமல் விட்டுவிட்டது. 61 ரூபாய் சுமாரில் இருந்த பிராங்க் ஒரே நாளில் 70ஐத் தாண்டியது. பிப்ரவரிக்கு ஓட்டல் பதிவு செய்து, பணத்தை அங்கே போய்க் கட்டலாம் என்று இருந்தவர்கள் திண்டாடினார்கள். 2023 அக்டோபர் முதல், அனுப்பும் தொகை ஏழு லட்சத்துக்கு மேல் போனால் இருபது சதவீதம் வரியை முன்கூட்டியே பிடிக்க ஆரம்பித்தார்கள். 2025 ஏப்ரலில் அந்த எல்லை பத்து லட்சமானது. அந்த வரி வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் பயணத்துக்கு முன் கையிலிருந்து போகிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அதுவும் ஒரு பாரம்.

சரி, அவள் கேள்வி. பிராங்க் இறங்குமா? 1965இல் 1.09. 1966இல் 1.72. 1991இல் 17. 2012 வாக்கில் 57. 2025 டிசம்பரில் 110க்கு மேல். நடுவில் சில சமயம் கொஞ்சம் இறங்கியதுண்டு. ஆனால் பிராங்க் ரூபாய்க்கு எதிராகத் தன் பழைய உயரத்திலிருந்து கீழே வந்து அங்கேயே தங்கியதை நான் கண்டதில்லை. ஒரு வருடம் தள்ளினால் பிள்ளைகளுக்கு ஒரு வயது கூடும், அவ்வளவுதான் நிச்சயம். "காத்திருக்காதேம்மா" என்றேன்.

ஆனால் "ரூபாய் விழுந்துவிட்டது" என்று ஒரேயடியாகச் சொல்வதும் சரியில்லை. எதற்கு எதிராக என்று கேட்க வேண்டும். ஜப்பானிய யென்னைப் பாருங்கள். 2012இல் நூறு யென் வாங்க 66 ரூபாய் ஆனது. 2025 டிசம்பரில் 58 ரூபாய் அளவுதான். பிராங்க் இரட்டிப்பான அதே காலத்தில் யென் மலிந்திருக்கிறது. ஹொக்கைடோவின் நிசெகோவில் உலகின் மிக நல்ல பனி விழுகிறது. இந்தியர்களுக்கு விசா இல்லாமலே பதினான்கு நாள் இடம் கொடுக்கும் கசகஸ்தானில், அல்மாட்டி நகரத்துக்கு மேலேயே ஷிம்புலாக் பனிச்சறுக்குத் தளம் இருக்கிறது. ஐம்பது பவுண்டு ஆங்கிலேயர் ஆஸ்திரியாவைக் கண்டுபிடித்தது இதே வழியில்தான்.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு இன்னொரு கஷ்டம் பள்ளி விடுமுறை. நீண்ட விடுமுறை ஏப்ரல், மே. ஆல்ப்ஸில் அப்போது பெரும்பாலான லிஃப்டுகள் மூடிவிடும். அரையாண்டு விடுமுறையில் போகலாம் என்றால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு. அங்கே ஆண்டிலேயே விலை உச்சத்தில் இருக்கும் பத்து நாள். இந்த விலை ஏற்றம் பிராங்க் ஏறியதைவிட அதிகமாகக் கையைக் கடிக்கிறது. பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் பள்ளியில் அனுமதி கேட்டு ஜனவரி நடுவில் போவது மேல் என்று அவளிடம் சொன்னேன். அந்தச் சமயம் குல்மர்க்கிலும் நல்ல பனி இருக்கும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த படுகொலைக்குப் பிறகு அங்கே போக அவள் கணவருக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அவுலி என்றால், ஜோஷிமட்டில் 2023இல் நிலம் புதைந்த பிறகு அங்கிருந்து மேலே போகும் ரோப்வே நின்றிருக்கிறது. சாலை வழியாகத்தான் ஏற வேண்டும்.

கடைசியில் நிசெகோ என்று முடிவாகியிருக்கிறது, 2027 ஜனவரிக்கு. பணம் வாங்கும் முறையை மட்டும் நான் எழுதிக் கொடுத்தேன். யென்னை ஒரே நாளில் மொத்தமாக வாங்காமல், மூன்று மாத இடைவெளியில் நான்கு தவணையாக ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நோட்டாக எடுப்பது கொஞ்சமே போதும், ஏனென்றால் நோட்டு விற்கும் ரேட் எப்போதும் கார்டு ரேட்டைவிட அதிகம். விமான நிலையத்தில் மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். லிஃப்ட் பாஸுக்கும் பாடத்துக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் அந்தத் தொகைக்கு ரேட் அன்றே நின்றுவிடும். எல்.பி. ரோட்டில் இரண்டு இடங்களில் ரேட் கேட்டு, இரண்டையும் அன்றைய வங்கி ரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். முதல் தவணையைப் போன வாரம் வாங்கிவிட்டாள்.